உங்களுக்குன்னே கலந்த க்ரீம்

என் காதுபட யாரும் "இயற்கை" என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டாம். சொன்னால் என் வாயை என்னால் அடக்க முடியாது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். சோப்பு விளம்பரத்தில் அந்த வார்த்தை வந்தாலே என் வீட்டுக்காரர் ஓசைப்படாமல் டிவி சேனலை மாற்றிவிடுவார்.

நான் சொல்லப்போவது என் அண்ணியைப் பற்றி, அதாவது என் அண்ணன் மனைவியைப் பற்றி. பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் வேலை. அதே கடையில் பில் போடுவது என் வேலை. அந்த வேலையை வாங்கித் தந்ததே அண்ணிதான். "நாத்தனாரைத் தானே கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்ட ஒரே பொம்பளை நீதான்" என்று அண்ணன் கிண்டல் செய்வான். கடையில் அவருக்குப் பெயர் கலக்கி. பெயின்டர்கள் வைத்த பெயர். வயதில் சின்னவர்கள் கலக்கியக்கா என்பார்கள்.

நிறம் கலப்பது என்றால் என்னவோ சாயத்தை ஊற்றிக் கிண்டுவது என்று நினைக்காதீர்கள். யாராவது பழைய சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவருவார்கள். "இதே நிறம் வேணும்" என்பார்கள். அண்ணி அதை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெயில் வெளிச்சத்தில் பார்ப்பார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். பிறகு வெள்ளை பெயிண்டில் நிறத் துளிகளை விடுவார். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பொட்டு சிவப்பு. கலக்கி, அட்டையில் தடவி, தலை உலர்த்தும் டிரையரால் காயவைத்து, மறுபடி வாசலுக்குப் போவார். கடைக்கு ஒரு மெஷின் வந்து வெகுகாலம் ஆகிறது. அதுவும் கலக்கும். "டப்பால வந்ததை அப்படியே அடிக்கறதுக்கு எதுக்கு வீடு கட்டணும்?" என்று அண்ணி உதட்டைப் பிதுக்குவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டுக்குப் பல டப்பா பெயிண்ட் போகிறதென்றால் எல்லாவற்றையும் பெரிய ட்ரம்மில் கொட்டி, கட்டையால் நன்றாகக் கலந்து, மறுபடி டப்பாக்களில் ஊற்றித் தருவார். இதற்கு "ஒண்ணாக்கறது" என்று பெயர். டப்பாவுக்கு டப்பா நிறம் துளி மாறினாலும் சுவரின் நடுவே தெரிந்துவிடும். ஒண்ணாக்கிவிட்டால் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைச் சொல்லித்தான் அவர் தலையில் பழியைக் கட்டினார்கள்.

அண்ணிக்கு மாதவிடாய் நின்றது. நின்றதும் சனியன் விட்டது என்று நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். நின்ற இடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். நெற்றி வியர்வை பெயிண்டில் சொட்டிவிடாமல் இருக்க, டப்பாவைத் தள்ளி வைத்துக் கையை நீட்டிக் கலப்பார். தூக்கம் போயிற்று. மறதி வந்தது. எந்த நிறத்தில் எத்தனை துளி விட்டோம் என்பதைப் பாதியில் மறந்துவிட்டு, டப்பா முன்னால் திகைத்து நிற்பார். அப்படி நின்றபோது ஒருநாள் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவரிடம் இருந்த சொத்தே அந்தக் கண்ணும் கையும்தான்.

ஆண்கள் நிறைந்த கடை அது. "கலக்கியக்காவுக்கு மட்டும் தனி வெயில் அடிக்குது போல" என்று ஒரு பெயின்டர் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் அவன் பில்லைக் கடைசிக்குத் தள்ளி, வெகுநேரம் நிற்க வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பெரிய ஆள்தான், சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அண்ணி சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"தூங்கவே முடியலை டாக்டர். வேலை பாக்க முடியலை. மருந்து ஏதாவது..."

"ஹார்மோன்தான் குடுக்கணும். குடுத்தா மார்புல புற்றுநோய் வரும். வேணுமா?"

அவ்வளவுதான். அண்ணிக்கு என்ன வயது, வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, ரத்த அழுத்தம் எப்படி, எதையும் கேட்கவில்லை. புற்றுநோய் வேண்டுமா என்று, காபி வேண்டுமா என்கிற மாதிரி கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். அவர் அறையில் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. அந்த மனிதருக்கு வாழ்நாளில் ஒரு பத்து நிமிஷம் அண்ணியின் உடம்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பொறுத்துக்கோங்க என்று யாரிடம் சொல்வார் என்று பார்க்கலாம்.

அவர் சாத்திய கதவு வழியாகத்தான் அவள் உள்ளே வந்தாள். அவளுக்கு மரியாதை போட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை, மன்னிக்கவும். பெரிய தெருவில் பெண்களுக்கென்று ஒரு கிளினிக் திறப்பதாகச் சொல்லி, சுவருக்கு நிறம் தேடி எங்கள் கடைக்கு வந்தாள். பருத்திப் புடவை, நரையை மறைக்காத கூந்தல், மெல்லிய குரல். இளம் இலையின் பச்சை வேண்டும் என்றாள். மெஷின் கலந்த பச்சை எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணி கலந்து காட்டியதும், "இதுதான்! இதுல உயிர் இருக்கு!" என்றாள். அன்றிலிருந்து நான் அவளைப் பச்சை மேடம் என்றுதான் சொல்கிறேன்.

கலந்துகொண்டிருக்கும்போதே அண்ணிக்குச் சூடு ஏறியது. பச்சை மேடம் அதைக் கவனித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா கஷ்டப்படறீங்க அக்கா?"

அந்த ஒரு கேள்விக்கு அண்ணி உடைந்து போனார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் நெஞ்சு இளகியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. டாக்டரிடம் கிடைக்க வேண்டியது விற்க வந்தவளிடம் கிடைத்தது.

"ஆஸ்பத்திரி ஹார்மோன் செயற்கை அக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு. எங்களோடது இயற்கை. செடியிலேர்ந்து எடுத்தது, உங்க உடம்புல சுரந்ததே தான். எச்சிலை டெஸ்ட் பண்ணி, உங்க உடம்புக்கு என்ன குறையுதோ அதைப் பாத்து, உங்களுக்குன்னே கலந்து தருவோம். பக்க விளைவே கிடையாது."

உங்களுக்குன்னே கலந்து தருவோம். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் காதில் விழுந்து போயிருக்கும். வாழ்க்கை முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கலந்து தந்தவரிடம் போய் அதைச் சொன்னால்? டப்பாவில் வந்தது மட்டம், கையால் கலந்தது உசத்தி. அண்ணி நம்பியது சுவருக்குச் சரி. அதையே உடம்புக்கும் நம்பிவிட்டார்.

இரண்டு ஜாடிகள் வந்தன. காலையில் தடவ ஒன்று, படுக்கும் முன் தடவ ஒன்று. மூடியில் அண்ணியின் பெயர் அச்சடித்திருந்தது. அதை அவர் என்னிடம் காட்டிய விதம், ஏதோ பட்டம் வாங்கியதைக் காட்டுவது போல இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், க்ரீம் வேலை செய்தது. சூடு அடங்கியது. அண்ணி தூங்கினார். மறுபடி டப்பா முன்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். "மருந்து மாதிரியே இல்ல, வாசனையா இருக்கு" என்று அண்ணன்கூடச் சொன்னான். நாங்கள் அந்தப் பச்சைச் சுவர் கிளினிக்குக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

ஆனால் ஜாடிக்கு ஜாடி மாறியது. ஒரு ஜாடி தடவினால் மார்பு கனத்து வலிக்கும். அடுத்த ஜாடியில் சூடு திரும்ப வந்துவிடும். யாராக இருந்தாலும் இதென்ன இப்படி என்று கேட்டிருப்பார்கள். அண்ணி கேட்கவில்லை. கையால் கலந்தால் அப்படித்தான் துளி முன்னே பின்னே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அடுத்த முறை பல மாதத்துக்கான ஜாடிகளைச் சேர்த்து வாங்கி, காலை க்ரீம் ஜாடிகளையெல்லாம் கழுவித் துடைத்த கிண்ணத்தில் வழித்துப் போட்டு, புதுக் கரண்டியால் கலந்து, திரும்ப ஜாடிகளில் அடைத்தார். இரவு க்ரீமையும் அதேபோல் தனியாகச் செய்தார். ஒண்ணாக்கிவிட்டார். பெயிண்ட் கடையில் நிற்கிற பெண்ணைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

பிறகு ரத்தம் பட ஆரம்பித்தது. எல்லாம் நின்று எவ்வளவோ காலம் ஆன பிறகு. அண்ணி கிளினிக்கில் கேட்டார். பச்சை மேடம் சிரித்தாளாம்.

"நல்ல விஷயம் அக்கா! உங்க கர்ப்பப்பைக்கு இளமை திரும்புது."

அண்ணியும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இளமையாவது, கத்தரிக்காயாவது! ரத்தம் நிற்காமல் போனதும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஒரு பெண் டாக்டர். கலைந்த தலை, சட்டைப் பையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். புற்றுநோயா என்று நான் கேட்டேன். தெரியாது, முடிவு வரட்டும் என்றார்.

முடிவு வருவதற்குள் அண்ணி பச்சை மேடத்துக்கு ஃபோன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம், ஜாடிகளை ஒண்ணாக்கியதையும் தானே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் மெல்லிய குரல் மெல்லியதாகவே பேசியது.

"ஐயோ அக்கா! ஜாடியைத் திறந்து கலந்தீங்களா? நாங்க பாத்துப் பாத்துச் செஞ்சது. நீங்க கை வச்சுக் கெடுத்துட்டா நாங்க என்ன பண்ண முடியும் சொல்லுங்க?"

அண்ணி ஃபோனை வைத்துவிட்டுத் தன் வலது கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் உயிரணுக்கள் மாற ஆரம்பித்துவிட்டன, விட்டால் புற்றுநோயில் போய் நிற்கலாம், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். அண்ணன் "எல்லாம் சரியாயிடும்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் கலந்ததுனாலயா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க தொடாம விட்டிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். காலை க்ரீம்ல இருக்கற ஹார்மோன் கர்ப்பப்பையோட உள்சுவரை வளர்க்கும். அதைக் கட்டுப்படுத்தத்தான் இன்னொரு ஹார்மோன். அந்த இரவு க்ரீமைத் தோல்ல தடவினா தேவையான அளவு உள்ள போய்ச் சேரும்னு நம்ப முடியாது. இந்த ஜாடியில எவ்வளவு இருக்குன்னு யாரும் சோதிச்சதும் இல்லை."

"அவங்க இயற்கைன்னு சொன்னாங்களே?"

"அதே ஹார்மோன் மருந்துக் கடையிலயே இருக்கும்மா. அதையும் செடியிலேர்ந்துதான் எடுக்கறாங்க. தோல்ல ஒட்டிக்கற பட்டியா ஒண்ணு, மாத்திரையா ஒண்ணு. ஆனா அளந்தது, சோதிச்சது. எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்ல மாட்டேன். புற்றுநோய் பயமும் வெறும் புரளி இல்லை. எந்த மருந்து, எந்த வயசு, எவ்வளவு நாள்னு பாத்துக் குடுக்கணும். உங்களுக்கு ஆரம்பத்துலயே குடுத்திருக்கலாம்."

குடுத்திருக்கலாம்! அந்த வார்த்தை என் மண்டையில் சம்மட்டியால் அடித்த மாதிரி இறங்கியது. அதே சாமான், அளந்து, சோதித்து, அடுத்த தெரு மருந்துக் கடை அலமாரியில் இருந்திருக்கிறது. ஒருவர் அதைப் பற்றிப் பேசவே சோம்பல்பட்டார். இன்னொருத்தி அதையே அளவில்லாமல் ஜாடியில் போட்டு, பெயர் அச்சடித்து, பச்சைச் சுவருக்குள் உட்கார்ந்து விற்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் என் அண்ணியின் கர்ப்பப்பை போயிற்று. யாரைப் போய் உலுக்குவது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியை ஒட்டிக்கொண்டார், சூடு அடங்கியது, தூக்கமும் வந்தது. வேலைக்கும் திரும்பினார். ஆனால் கட்டையைத் தொடவில்லை. பெயின்டர் யாராவது சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் மெஷின் பக்கம் கையைக் காட்டிவிடுவார். "என் கை சரியில்லப்பா. மெஷின்லயே போட்டுக்கோ." டாக்டர் அத்தனை தெளிவாகச் சொன்னதும் அவருக்குள் இறங்கவில்லை. அந்த மெல்லிய குரல்தான் இறங்கியிருந்தது. நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். "விடு" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் பச்சை மேடம் மறுபடி வந்தாள். கிளினிக்கைப் பெரிதாக்குகிறாளாம். அதே பச்சை வேண்டுமாம். பழைய அட்டையைப் பார்த்து மெஷினில் போட்டு, டப்பாக்களைக் கவுன்டர் மேல் அடுக்கினார்கள். நான் பில்லை விட்டுவிட்டு எழுந்தேன். என் வாயில் தயாராக இருந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் அண்ணி எனக்கு முன்னால் போய்விட்டார். அவள் எதிரில் நின்று, இரண்டு கையையும் பிசைந்துகொண்டு சொன்னார்:

"என் மேலதான் தப்பு மேடம். நான் கலந்திருக்கக் கூடாது. உங்களுக்கும் சங்கடம் ஆயிடுச்சு."

பச்சை மேடம் அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவாயில்ல அக்கா. நான் மனசுல எதுவும் வச்சுக்கலை."

மன்னித்துவிட்டாள்! வயிற்றில் தழும்போடு நிற்கிறவரை அந்த மகராசி மன்னித்துவிட்டாள். நான் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் திரும்பிவிட்டாள். பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார், அண்ணி வயதுதான். தன் படுக்கையறைக்குச் சொல்லியிருந்த பெயிண்டுக்காகக் காத்திருந்தவர், முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, நிற அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பச்சை மேடம் ஒரு நாற்காலியை இழுத்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளா கஷ்டப்படறீங்க அக்கா?"

அதே கேள்வி, அதே குரல். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. பச்சை மேடத்தின் கைப்பையிலிருந்து கிளினிக் அட்டை வெளியே வந்ததும் அண்ணி எட்டிப் போய் அதைப் பிடுங்கினார்.

"அங்க போகாதீங்க!"

கடையில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். அண்ணி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"இவங்க க்ரீமைத் தடவினேன். ரத்தம் வந்துது. இளமை திரும்புதுன்னு சொன்னாங்க. இப்ப கர்ப்பப்பையை எடுத்தாச்சு எனக்கு! எடுத்துட்டு வந்து நிக்கறேன்!"

"அக்கா, நீங்க கலந்ததுனாலதான..."

"நான் கலந்ததுனால இல்ல!" அண்ணியின் குரல் உடைந்தது. "டாக்டர் சொன்னாங்க. நான் கலந்ததுனால இல்ல. என் கை மேல பழி போடாதே!"

பச்சை மேடம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டப்பாக்கள் கவுன்டரிலேயே இருந்தன. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"கடையில வச்சு இதையெல்லாம் பேசணுமா?"

"வேற எங்க பேசறது முதலாளி? ஆஸ்பத்திரியில பொறுத்துக்கோன்னு சொல்றாங்க. இங்க நீங்கல்லாம் சிரிக்கறீங்க."

முதலாளி நிற அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். தனி வெயில் என்று சொன்ன அந்தப் பெயின்டர் அன்றைக்கு அங்கேதான் நின்றிருந்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் என்னதாங்க பண்றது?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. மொதல் டாக்டர் பொறுத்துக்கச் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, அடுத்த டாக்டர்கிட்ட போங்க. நான் போன டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, எங்கன்னு சொல்றேன். தலை சீவ மாட்டாங்க, ஆனா காது குடுத்துக் கேப்பாங்க." பிறகு அண்ணி அவருடைய டப்பாக்களைப் பார்த்தார். "இது உங்களோடதா? மெஷின் போட்டதா? எல்லாத்தையும் திறங்க. ஒண்ணாக்கித் தரேன்."

சுவரோரம் சாய்ந்திருந்த கட்டையை எடுத்தார். மூன்று டப்பாவையும் ட்ரம்மில் கொட்டிக் கலக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டேதான் கலந்தார், கண்ணீர் உள்ளே விழாமல் இருக்க ட்ரம்மைத் தள்ளி வைத்துக்கொண்டு. திரும்பப் பில் போட உட்கார்ந்த எனக்கும் கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.

அந்தப் பச்சை டப்பாக்கள் இன்னும் கடை மூலையில் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவளுக்கு ஒரு ஃபோன் போடு என்று முதலாளி தினமும் என்னிடம் சொல்கிறார். நான் போடவில்லை.